நண்பகல் வெயிலும் நாளொன்றுக்கு ஐம்பது மின்னல்களும்

[காட்சி: சித்திரை மாத நண்பகல், மதுரை ஆனைமலை]

இந்தப் பாறையில் நிற்பவருடைய கட்டைவிரல் நகத்தின் மீது, ஏறத்தாழ ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், நொடிக்குச் சுமார் 6,500 கோடி சூரிய நியூட்ரினோக்கள் (எதனுடனும் அநேகமாக மோதாத, மின்னூட்டமற்ற நுண்துகள்கள்) விழுந்து, உடலையும் மலையையும் பூமியையும் ஊடுருவி மறுபக்கம் வெளியேறுகின்றன. இரவிலும் அவை குறைவதில்லை. அப்போது காலடியிலிருந்து மேல்நோக்கி வருகின்றன.

நியூட்ரினோ என்றதும் நம் பகுதியில் தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே திட்டமிடப்பட்ட 50,000 டன் இரும்புக் கருவி, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களுக்கானது. சூரியனிலிருந்து வருபவற்றின் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், அவற்றுக்கு வேறு வழி தேவைப்படுகிறது.

[காட்சி: உருண்டைக் கலத்தின் வரைபடம்]

இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், 2007 முதல் 2021 வரை இயங்கிய போரெக்ஸினோ கருவியில், மெல்லிய நைலான் உருண்டைக்குள் சுமார் 280 டன் திரவ சிண்டிலேட்டர் இருந்தது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கப்படும் ஒருவகை எண்ணெயில் ஒளிரும் பொருளைச் சிறிதளவு கரைத்தால் கிடைப்பது அது. நியூட்ரினோ அபூர்வமாக ஓர் எலக்ட்ரானைத் தட்டிவிட்டால், அந்த எலக்ட்ரான் ஓடி நிற்பதற்குள் திரவம் ஒருமுறை மின்னும். சுற்றியிருந்த 2,212 ஒளிப்பெருக்கிக் குழாய்கள் அந்த ஒளியைப் பதிவு செய்யும். ஒளியின் அளவு ஆற்றலையும், குழாய்களை அது எட்டிய நேர வேறுபாடு மின்னிய இடத்தையும் சொல்லிவிடும்.

சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மின்னல் எல்லாத் திசைகளிலும் ஒரே மாதிரி பரவுவதால், எலக்ட்ரானைத் தட்டியது சூரியனிலிருந்து வந்த நியூட்ரினோவா, அல்லது அந்த எலக்ட்ரான் திரவத்திலேயே கலந்திருந்த கதிரியக்க அணு உமிழ்ந்ததா என்று ஒற்றை மின்னலைக் கொண்டு சொல்ல முடியாது. 100 டன் திரவத்தில் பெரிலியம்-7 நியூட்ரினோக்கள் (சூரியனுக்குள் பெரிலியம்-7 அணுக்கள் மாறும்போது பிறப்பவை) தரும் மின்னல்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐம்பதே; நாம் குடிக்கும் தண்ணீரிலுள்ள இயற்கைக் கதிரியக்கமே அவற்றை முற்றிலும் மூழ்கடித்துவிடும். ஆகவே இந்தக் கருவியின் உண்மையான சாதனை ஒளியைப் பிடித்தது அல்ல, திரவத்தைக் கழுவியது என்பதே என் கருத்து. பெட்ரோலியத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு நுட்பம் உண்டு: பல கோடி ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்ததால், அதிலிருந்த கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெரும்பாலும் சிதைந்து தீர்ந்திருக்கும். அப்படியும் எஞ்சிய துளிதான் மிகக் குறைந்த ஆற்றல் பகுதியை மறைத்தது.

[காட்சி: போர்வை சுற்றிய கலம்]

சூரிய ஆற்றலில் சுமார் ஒரு சதவீதத்தை மட்டும் தரும் அணுக்கரு இணைவு வழியான கார்பன்-நைட்ரஜன்-ஆக்ஸிஜன் சுழற்சியின் நியூட்ரினோக்களைத் தேடியபோது, வெப்பநிலையின் சிறு ஏற்ற இறக்கம்கூடத் திரவத்தில் ஓட்டத்தை உண்டாக்கி, நைலான் சுவரிலிருந்த பொலோனியம்-210 என்ற கதிரியக்க அணுக்களை நடுப்பகுதிக்கு இழுத்து வந்து அளவீட்டைக் குழப்பியது. கலத்தைச் சுற்றி வெப்பக்காப்புப் போர்வை போர்த்தி, திரவத்தை அசையாமல் நிற்க வைத்த பிறகே, 2020-இல் அந்த நியூட்ரினோக்களைக் கண்டதாக அறிவிக்க முடிந்தது.