இயற்பியல் படித்துவிட்டு எங்கே போவது?

இயற்பியல் படிக்கிறேன் என்று சொன்னதுமே எதிரில் இருப்பவர் கேட்பது ஒன்றுதான்: "அப்போ வாத்தியார் வேலைக்கா?" வாத்தியார் வேலை நல்ல வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் "இயற்பியலாளர் தேவை" என்று விளம்பரம் வருவது அபூர்வம் என்பதால், வேறு வேலையே இல்லை என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள், உங்களுக்கு என்ன செய்யத் தெரியும் என்று பார்த்துத் தேடுங்கள்.

பெயரிலேயே இயற்பியல் உள்ள வேலை ஒன்றும் இருக்கிறது, மருத்துவ இயற்பியலாளர். புற்றுநோய்க்கு எவ்வளவு கதிர்வீச்சு தர வேண்டும் என்று முடிவு செய்பவர் டாக்டர். அந்த அளவு சரியாகப் போய்ச் சேருகிறதா என்பது இவர் பொறுப்பு. தண்ணீர்த் தொட்டிக்குள் அயனியாக்க அறை என்ற சிறிய கதிர்வீச்சு அளவுகருவியை இறக்கி, கதிரைப் பாய்ச்சி, சேரும் மின்னூட்டத்தை அளப்பார். அந்தக் கருவிக்குள் இருப்பது வெறும் காற்று, அதனால் வெப்பநிலை ஏறினாலோ அழுத்தம் இறங்கினாலோ காற்றின் அடர்த்தி குறைந்து கருவி குறைவாகக் காட்டும், அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும். பள்ளியில் படித்த அதே வாயுச் சமன்பாடுதான்! இதற்கு இளநிலைப் பட்டம் மட்டும் போதாது, மேற்படிப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் வேண்டும்.

அப்புறம் சிப் தயாரிப்பு. இன்றைய மிக நுண்ணிய சிப்புகளை அச்சிட 13.5 நானோமீட்டர் அலைநீள ஒளி வேண்டும். உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு ஏறத்தாழ 50,000 என்ற கணக்கில் பறக்கவிட்டு, ஒவ்வொன்றையும் லேசரால் அடித்துப் பிளாஸ்மாவாக்கி (அதாவது அயனியான சூடான வாயுவாக்கி) அந்த ஒளியை எடுக்கிறார்கள். காற்றும் அதை விழுங்கும், லென்ஸும் விழுங்கும் என்பதால் எல்லாம் வெற்றிடத்தில், ஆடிகளை வைத்தே நடக்கிறது. இங்கே இயற்பியல் படித்தவருக்கா வேலை இருக்காது?

நிதித்துறையும் உண்டு. பங்குச்சந்தையில் ஆப்ஷன் என்ற ஒப்பந்தங்களுக்கு விலை கணிக்க 1973இல் வந்த பிளாக்–ஷோல்ஸ் சமன்பாட்டில் மாறிகளை மாற்றி எழுதினால், நீங்கள் ஏற்கெனவே தீர்த்துப் பழகிய வெப்பம் பரவும் சமன்பாடு கிடைக்கும். சம்பளம் பெரிது, ஆனால் இயற்பியல் மீதே காதல் உள்ளவருக்குச் சீக்கிரம் அலுத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். வானிலைக் கணிப்பு, நிலத்தடி ஆய்வு, ஒலியியல், மென்பொருள் என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன. காப்புரிமை அலுவலகத்தையும் விட்டுவிடாதீர்கள், ஐன்ஸ்டீனே 1902இல் சுவிட்சர்லாந்தின் பெர்னில் அந்த வேலையில்தான் சேர்ந்தார்.

இதற்கெல்லாம் இப்போதே செய்ய வேண்டியது, பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொள்வது. ஆய்வகத்தில் சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் எழுதுவதை நிறுத்துவது. "இந்த எண் சரி என்று எப்படிச் சொல்கிறாய், பிழை எவ்வளவு?" என்று நேர்காணலில் கேட்டால், சொந்தமாக அளந்து பார்த்தவருக்குத்தான் பதில் வரும்.

ஆராய்ச்சிதான் ஆசை என்றால் தாராளமாகப் போங்கள். ஆனால் முனைவர் பட்டம் வாங்குபவர்கள் எல்லோருக்கும் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைப்பதில்லை. அதனால் சேருவதற்கு முன்பே வழிகாட்டியிடம் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்: உங்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே வேலை பார்க்கிறார்கள்?