இன்றைய உயிர்: நாக்கு மீன்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். கடல் உயிர்களை வேடிக்கையாக வரைந்து, அவற்றை ஒருவருக்கொருவர் காட்டி மகிழும் ஓவியர் குழுக்களைப் பற்றிப் பேசும்படி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். குளச்சலிலிருந்து நீரோடி வரையுள்ள நம் கரையிலும், எல்லை கடந்து கேரளத்தின் பொழியூர், பூவாறு, விழிஞ்ஞம் வரையிலும் வாழ்கிற, படம் வரைவதில் நாட்டமுள்ள சிலர் சேர்ந்து இப்படியொரு குழுவை நடத்தி வருகிறோம். மாதத் தொடக்கத்தில் ஒரு பட்டியல் போடுவோம். அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடல் உயிரின் பெயர் இருக்கும். அன்று இரவுக்குள் அந்த உயிரைத் தத்தம் போக்கில் வரைந்து, கைப்பேசி வழியாகக் குழுவுக்கு அனுப்பிவிட வேண்டும். இதில் பரிசும் இல்லை, நடுவரும் இல்லை.

இந்த ஏற்பாட்டை நாங்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜேக் பார்க்கர் என்ற அமெரிக்க ஓவியர், மையால் வரையும் தம் திறனை வளர்த்துக்கொள்வதற்காக 2009-ஆம் ஆண்டு அக்டோபரில் நாளொரு படம் என்று தொடங்கிய பயிற்சி, உலகெங்கும் பரவி ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது. அசைபட ஓவியரான டாம் பான்கிராஃப்ட் 2016-இல் மே மாதத்தைக் கடற்கன்னிகளுக்கென்று ஒதுக்கினார். எங்கள் பட்டியலில் கடற்கன்னிக்கு இடமில்லை. நம் வலையில் ஏறுகிறவையும் நம் கரையில் ஒதுங்குகிறவையும் மட்டுமே அதில் இடம்பெறும்.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான், அதை இந்த உரையில் மீண்டும் மீண்டும் சொல்லப்போகிறேன். கடல் உயிரை வைத்து விளையாட விரும்பும் ஓவியர், அந்த உயிரை முதலில் நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். சந்தையில் கூடைக்கு நாலடி தள்ளி நின்றே சாளை எது, அயிலை எது, வாளை எது, நெத்திலி எது என்று சொல்லிவிடுகிற நாம், பென்சிலைக் கையில் எடுத்ததும் இவை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, நீள்வட்ட உடலும் முக்கோண வாலும் வட்டக் கண்ணும் கொண்ட, எந்தக் கடலிலும் இல்லாத ஒரு மீனை வரைந்துவிடுகிறோம். அதற்கு இமைமயிரும் புன்னகையும் சேர்த்துவிட்டால் வேடிக்கைப் படம் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். வேடிக்கை அந்த உயிரிடமே இருக்கிறது, நேயர்களே. நாம் வெளியிலிருந்து கொண்டுபோய் ஒட்ட வேண்டியதில்லை.

இதற்கு நாக்கு மீனைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தோலை உரித்துவிட்டுக் குழம்பில் போடுகிறோமே, அந்தத் தட்டையான மீன்தான். பூவாற்று நண்பர்கள் அதை மாந்தள் என்பார்கள். பட்டியலில் அதன் நாள் வந்தபோது, எங்கள் குழுவில் உள்ள ஒரு கல்லூரி மாணவி, நாக்கு மீன் நிமிர்ந்து நின்று நம்மை நேராகப் பார்ப்பது போலவும், முகத்தின் இருபுறமும் பக்கத்துக்கொரு கண் இருப்பது போலவும் வரைந்திருக்கிறாள். அவளுடைய தாய்மாமா, கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் தொழிலாளி. கைப்பேசியை வாங்கிப் பார்த்த அவர், “மக்களே, பக்கத்துக்கு ஒரு கண்ணு வச்சிருக்கியே, ஒண்ணு மணலுக்குள்ள போயிராதா?” என்று கேட்டிருக்கிறார். “அப்போ எங்க மாமா வைக்கது?” என்று இவள் கேட்க, “ரெண்டும் மேல. கீழ வெள்ளப் பக்கம், மேல மண்ணு நெறம். நாளைக்கு மடி இழுக்கும்போ வா, காட்டித் தாரேன்” என்றாராம்.

மறுநாள் அவள் கரைக்குப் போய், மடியில் வந்த மீனை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஒரு பக்கம் மணலின் நிறம், மறுபக்கம் வெளிறிய வெள்ளை. மணல் நிறப் பக்கத்தில் நெருங்கி அமைந்த இரண்டு சிறு கண்கள். வாயோ கொக்கி போல ஒரு பக்கமாக வளைந்திருந்தது. அதன் பிறகு அவள் வரைந்த படத்தில் மீனையே காண முடியாது. வெறும் மணல்பரப்பு, அதில் இரண்டு கண்கள் மட்டும் எட்டிப் பார்க்கின்றன. அந்த மணலின்மேல் ஒரு நண்டுக் குடும்பம், அடியில் யார் படுத்திருக்கிறார்கள் என்று அறியாமல், வாழையிலைப் பொதிச்சோற்றைப் பிரித்து வைத்து உண்டுகொண்டிருக்கிறது. இரண்டு கண்களும் அந்தச் சோற்றையே பார்க்கின்றன. இதுவரை எங்கள் குழுவுக்கு வந்த படங்களில் நான் மிகவும் போற்றுவது இதைத்தான். நாக்கு மீன் உண்மையிலேயே மணலை மேலே போர்த்துக்கொண்டு, கண்களை மட்டும் வெளியே வைத்துக் கிடக்கும் உயிர். உண்மை உள்ளபடியே இருக்க, அதன்மேல் விளையாட்டு ஏறி அமர்ந்திருக்கிறது.

அத்துடன் முடியவில்லை. நாக்கு மீன் குஞ்சாகப் பிறக்கும்போது மற்ற மீன்களைப் போலவே பக்கத்துக்கொரு கண்ணுடன்தான் பிறக்கிறது. வளரும் பருவத்தில் ஒரு கண் தலையின் மறுபுறத்துக்கு நகர்ந்துபோய், நாக்கு மீன் குடும்பத்தில் இரண்டு கண்களும் இடப்பக்கத்தில் வந்து நிலைகொள்கின்றன. இந்தச் செய்தியை நான் குழுவில் எழுதினேன். அன்றிரவே பூவாற்று நண்பர் ஒருவர், வலது கண் ஒரு தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நெற்றி வழியாக இடது கன்னத்துக்குக் குடிபெயர்ந்து போவது போலவும், அங்கே இடது கண் வாசலில் நின்று வரவேற்பது போலவும் வரைந்து அனுப்பினார். ஒருவர் படம் இன்னொருவரைத் தூண்டுகிறது, மாமாவின் ஒரு சொல் இரண்டு படங்களாகிறது. தனியாக உட்கார்ந்து வரைகிறவருக்கு இந்தப் பேறு வாய்ப்பதில்லை.

பேத்தை மீனையும் சொல்ல வேண்டும். ஆபத்து வந்தால் தண்ணீரை விழுங்கி உருண்டையாக உப்பிவிடும் என்பதால், அதை எல்லோரும் பந்தாகவே வரைகிறார்கள். ஆனால் வலைத் தொழிலாளரைக் கேட்டுப் பாருங்கள், அவர்கள் முதலில் அதன் பல்லைப் பற்றித்தான் சொல்வார்கள். மேலே இரண்டும் கீழே இரண்டுமாக இணைந்த நான்கு பற்தகடுகளால் அது வலையைக் கடித்துத் துண்டாக்கிவிடும். அந்த இழப்பை அறிந்த வீட்டுப் பையன் ஒருவன், பேத்தையைக் கழுத்தில் அளவுநாடா தொங்கும் தையற்காரராக வரைந்து, எதிரே கிழிந்த வலையுடன் தன் அப்பாவையும் நிறுத்தியிருந்தான். கடல் குதிரைக்கு வந்த படமும் நினைவில் நிற்கிறது. கடல் குதிரையில் ஆணின் வயிற்றுப் பையில்தான் முட்டைகள் வளர்ந்து குஞ்சுகள் வெளிவருகின்றன. அதை அறிந்த ஒருவர், தந்தைக் குதிரையை, பிள்ளைகளை அடைத்து ஏற்றிக்கொண்டு பள்ளிக்குப் போகும் ஆட்டோவாகவே மாற்றிவிட்டார்.

சிலுவை நண்டு நாளில் மட்டும் எங்கள் குழு அடக்கம் காத்தது. ஓட்டின்மேல் சிலுவை போன்ற குறியுடைய அந்த நண்டைத் துறைமுகத்தில் பார்த்திருப்பீர்கள். 1544-இல் இந்தக் கரையில் பணியாற்றிய புனித சவேரியார், பின்னர் கீழைக் கடலில் புயலின்போது தவறவிட்ட சிலுவையை ஒரு நண்டு கொடுக்கில் ஏந்திக் கரைசேர்த்தது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அன்று வந்த படங்களில் நண்டின் கால்களும் கண்களும் குறும்பு செய்தன, குறியை மட்டும் எல்லோரும் உள்ளது உள்ளபடி வரைந்திருந்தார்கள். யாரும் யாருக்கும் அப்படிச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பார்த்து வரைகிற விளையாட்டு மிகப் பழையது. கிரீட் தீவில் ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன் ஒரு குயவர், உருண்டையான சாடி ஒன்றின் உடலெங்கும் பேய்க்கணவாயின், அதாவது ஆக்டோபஸின், கைகள் சுற்றிப் பரவும்படியும், அகன்ற கண்கள் நம்மை நோக்கும்படியும் தீட்டியிருக்கிறார். கைகளில் உறிஞ்சிகளைக்கூட அவர் விடவில்லை. அந்த விலங்கைக் கையில் பிடித்துப் பார்க்காத ஒருவர் அதை வரைந்திருக்க முடியாது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

நேரம் முடிகிறது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை வருகிறது. கணவாய் மையைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவாய் கழுவும்போது பை உடைந்து கையெல்லாம் கறுப்பாகிறதே, அந்த மைதான் பழுப்பு நிற வண்ணமாக ஐரோப்பிய ஓவியர்களின் மேசையில் நெடுங்காலம் இருந்தது. அதைக் கொண்டே கணவாயை வரைந்து பார்க்கலாம். பள்ளிகளில் இப்படியொரு குழுவைத் தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், முதல் வாரத்துக்குச் சாளை, நண்டு, சிப்பி, கணவாய், திருக்கை என்று பிள்ளைகள் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கக்கூடிய உயிர்களை வையுங்கள். ஒவ்வொரு படத்துடனும், இந்த உயிரைப் பற்றி வீட்டில் யாரிடம் கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.