காலம் தாழ்ந்து வந்த ஆயுதங்கள்

அவையோருக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

உக்ரைனுக்கு மேற்கு நாடுகள் அளிக்கும் ராணுவ உதவியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் முதலில் கேட்கப்படுவது தொகைதான். எத்தனை கோடி டாலர்? யார் அதிகம் கொடுத்தார்கள், யார் கையை இறுக்கிக்கொண்டார்கள்? நான் இன்று தொகையைப் பற்றிக் கொஞ்சமும் தேதிகளைப் பற்றி நிறையவும் பேச வந்திருக்கிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் எல்லை கடந்து வந்தன. அன்று முதல் எந்த ஆயுதம் எப்போது கேட்கப்பட்டது, எப்போது வந்து சேர்ந்தது, நடுவில் கழிந்த மாதங்களில் களத்தில் என்ன நடந்தது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒப்புதல் கிடைத்த ஆயுதங்களின் பட்டியலைவிட, காத்திருந்த அந்த மாதங்களே போரின் போக்கை அதிகம் தீர்மானித்திருக்கின்றன என்பது என் கருத்து.

2024 ஏப்ரல் 11. உக்ரைன் தலைநகர் கீவுக்குத் தெற்கே திரிபிலியா என்ற அனல்மின் நிலையம். அதை நோக்கி 11 ஏவுகணைகள் வந்தன. முதல் ஏழு ஏவுகணைகளை உக்ரைனிய வான்பாதுகாப்புப் படை வீழ்த்தியது. மீதி நான்கு மின்நிலையத்தை அழித்தன. அந்த நான்கையும் ஏன் வீழ்த்த முடியவில்லை என்பதை அதிபர் ஸெலென்ஸ்கியே ஒரு பேட்டியில் சொன்னார்: எங்களிடம் இடைமறிக்கும் ஏவுகணைகள் தீர்ந்துவிட்டன. குறிபார்க்கத் தெரியாமல் இல்லை, கருவி பழுதாகவும் இல்லை. ஏவுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உக்ரைனுக்கான உதவி மசோதாவை நிறைவேற்றியது ஏப்ரல் 20 அன்று. ஒன்பது நாள் பிந்தி வந்த அந்த வாக்கெடுப்பு, திரிபிலியாவின் கொதிகலன்களுக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

அந்த மசோதாவின் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். அதிபர் பைடன் அதைக் கோரியது 2023 அக்டோபரில். குடியரசுக் கட்சியினரில் ஒரு பிரிவினர் மெக்சிகோ எல்லைப் பிரச்சினையை அதனுடன் முடிச்சுப்போட்டார்கள். பிறகு அந்த எல்லைச் சட்டத்தையும் அவர்களே வேண்டாம் என்றார்கள். ஏறத்தாழ ஆறு மாதங்கள் கடந்தன. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தபோது ஆதரவு 311, எதிர்ப்பு 112. இவ்வளவு பெரிய பெரும்பான்மை அந்தச் சபைக்குள் ஆறு மாதமாகவே இருந்தது என்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. எண்ணிக்கை இருந்தது, மசோதாவை அவையின் முன் வைக்க ஆளில்லை.

அந்த ஆறு மாதத்தில் முன்னணியில் என்ன நடந்தது? இந்தப் போர் பெரிதும் பீரங்கிகளின் போராகவே நடந்தது. டிரோன்கள் பெருகிய பிறகும், எதிரி திரண்டு வருவதைத் தடுப்பதற்கு 155 மி.மீ. பீரங்கிக் குண்டுகள் தேவைப்பட்டன. ஐரோப்பாவில் நேட்டோ படைகளுக்குத் தலைமை வகித்த ஜெனரல் கிறிஸ்டோபர் கவோலி, 2024 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒரு கணக்கைச் சொன்னார்: உக்ரைன் ஒரு குண்டு சுட்டால் ரஷ்யா ஐந்து சுடுகிறது; உதவி வராவிட்டால் சில வாரங்களில் அது பத்துக்கு ஒன்றாகும். இந்த விகிதத்தைப் பதுங்குகுழியில் இருக்கும் ஒரு வீரனின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். எதிரே படை திரள்வது டிரோன் கண்ணுக்குத் தெரிகிறது. இடமும் தெரிகிறது, தூரமும் தெரிகிறது. ஆனால் பின்னால் இருக்கும் பீரங்கிக்கு அன்றைய பங்கு முடிந்துவிட்டது. திரண்ட படை முன்னேறி வரும்வரை காத்திருந்து, துப்பாக்கியால் எதிர்கொள்ள வேண்டும். குண்டுகளால் செய்ய வேண்டிய வேலையை மனித உடல்களால் செய்தார்கள். 2024 பிப்ரவரி 17 அன்று அவ்திவ்காவிலிருந்து உக்ரைன் படை விலகியது. கிழக்கு உக்ரைனில் சண்டை தொடங்கிய 2014 முதல் பத்தாண்டுகள் தாக்குப்பிடித்த நகரம் அது.

ஐரோப்பாவும் வாக்குத் தவறியது. 2023 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ஓராண்டுக்குள் பத்து லட்சம் குண்டுகள் தருவதாகச் சொன்னது. கெடு முடிந்தபோது கொடுக்க முடிந்தது சுமார் பாதி. விருப்பமின்மை மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்ல மாட்டேன். பனிப்போர் முடிந்த பிறகு முப்பது ஆண்டுகளாக அந்த நாடுகள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளைச் சுருக்கிக்கொண்டே வந்தன. அமெரிக்காவே போருக்கு முன் மாதத்துக்குச் சுமார் 14,000 குண்டுகள்தான் தயாரித்தது. போர் கடுமையான நாட்களில் இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடக்கூடிய அளவு அது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. உற்பத்தியைப் பெருக்கும் ஒப்பந்தங்கள் 2022 கோடையிலேயே கையெழுத்தாகியிருக்க வேண்டும். நிறுவனங்கள் நீண்டகால உத்தரவாதம் கேட்டன; அரசுகள் போர் சீக்கிரம் முடியும் என்று எண்ணிக் காத்திருந்தன. போர் முடியவில்லை.

சரியான நேரத்தில் வந்த உதவி என்ன செய்யும் என்பதற்கும் இதே போரில் சான்று இருக்கிறது. 2022 ஜூன் இறுதியில் முதல் நான்கு ஹைமார்ஸ் ராக்கெட் வண்டிகள் வந்தன. வெறும் நான்கு. அவற்றின் ராக்கெட்டுகள் சுமார் 80 கிலோமீட்டர் பாயும். அப்போது ரஷ்யா முன்னணிக்கு நெருக்கமாக, ரயில் நிலையங்களை ஒட்டிப் பெரிய பெரிய வெடிமருந்துக் கிடங்குகளை வைத்திருந்தது. ஜூலையில் அவை ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. கெர்சனுக்கு அருகே தினிப்ரோ ஆற்றின் மேலிருந்த அந்தோனிவ்கா பாலம் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்டு, கனரக வாகனங்களுக்குப் பயன்படாமல் போனது. ஆற்றின் மேற்குக் கரையில், கெர்சன் பக்கம் இருந்த ரஷ்யப் படைக்கு உணவும் குண்டும் மிதவைகளில் வரவேண்டியதாயிற்று. நவம்பர் 11 அன்று கெர்சன் நகரம் உக்ரைன் கைக்குத் திரும்பியது. வீதிக்கு வீதி நடக்கும் சண்டை இல்லாமல், ஒரு பெரிய நகரம் இடிபாடாகாமல் மீண்டது. இந்தப் போரில் அது மிக அரிதாக நிகழ்ந்த ஒன்று.

அதே கெர்சன் வெற்றிக்குப் பிந்தைய குளிர்காலத்தைக் கவனியுங்கள். ரஷ்யப் படை அப்போது களைத்திருந்தது. புதிதாகத் திரட்டிய ஆட்களுக்கு முழுப் பயிற்சி இல்லை. கீவ் கவச வாகனங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜெர்மனி லெப்பர்ட் டாங்கிகளைத் தர இசைந்தது 2023 ஜனவரி 25 அன்று. அமெரிக்கா 31 ஆப்ரம்ஸ் டாங்கிகளை அறிவித்ததும் அன்றுதான். எதிர்த்தாக்குதல் தொடங்கியது ஜூன் மாதம். இடையில் கிடைத்த மாதங்களை ரஷ்யா வீணாக்கவில்லை. தெற்கு உக்ரைனின் ஸாபோரிஸியா வயல்களில் மைல் கணக்கில் கண்ணிவெடிகளைப் புதைத்தது, அகழிகளை அடுக்கடுக்காக வெட்டியது. கடற்கரை வரை சென்று ரஷ்ய வசமுள்ள பகுதியை இரண்டாகப் பிளக்கும் நோக்கத்துடன் புறப்பட்ட படை, ரோபோட்டினே என்ற சிற்றூரைத் தாண்டி அதிக தூரம் போக முடியவில்லை. ஆப்ரம்ஸ் டாங்கிகள் செப்டம்பர் இறுதியில்தான் உக்ரைன் மண்ணில் இறங்கின. எஃப்-16 போர் விமானங்கள் 2024 ஆகஸ்டில் வந்தன. போதிய வான்வலிமை இல்லாமல் கண்ணிவெடி வயலைக் கடக்கும் வேலையை நேட்டோ நாடுகள் தம் சொந்தப் படைகளுக்கு ஒருபோதும் கொடுத்திருக்காது.

முழுப் பழியையும் கொடுத்தவர்கள் மீதே போடுவதும் நேர்மையாகாது. எதிர்த்தாக்குதலில் படையைப் பல முனைகளில் சிதறடித்ததைக் கீவ் தலைமையின் தவறு என்று பல ராணுவ ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். படைக்கு அழைக்கும் வயதை 27-இலிருந்து 25-ஆகக் குறைக்கும் சட்டத்தில் அதிபர் கையெழுத்திட்டது 2024 ஏப்ரலில்தான். நாடாளுமன்றத்திலிருந்து வந்து பல மாதங்கள் அது மேசையில் கிடந்தது. ஆயுதம் வந்தாலும் அதை ஏந்த ஆள் வேண்டும். அந்த முடிவின் வலியை எந்த அந்நிய நாடும் உக்ரைனுக்காகச் சுமக்க முடியாது.

இனி, பலர் மனத்தில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். இந்த உதவியே போரை நீட்டுகிறது, கொடுப்பதை நிறுத்தினால் சண்டை நின்றுவிடும் என்கிறார்கள். அமைதியை விரும்பும் நல்ல மனத்திலிருந்தே பலர் இதைச் சொல்கிறார்கள் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் உதவி இல்லாமல் முடியும் போர் எப்படி முடியும் என்பதை 2022 ஏப்ரல் தொடக்கத்தில் உலகம் பார்த்தது. கீவைச் சுற்றியிருந்த ரஷ்யப் படைகள் பின்வாங்கிய பிறகு, புச்சா நகரத்தின் வீதிகளில் பொதுமக்களின் உடல்கள் கிடந்தன. ஆக்கிரமிப்பின் கீழ் வந்த ஊர்களுக்கு அமைதி வரவில்லை. போரை நீட்டியது எது என்று கேட்டால், அரைகுறையாக, தவணை தவணையாக வந்த உதவி என்பேன். தோற்காமல் இருக்கப் போதுமானது வந்தது. எதிரியை மேசைக்கு இழுத்து வரப் போதுமானது உரிய நேரத்தில் வரவில்லை.

கொடுப்பவர்கள் தயங்கியதற்கு ஒரு கனமான காரணம் இருந்தது: அணு ஆயுதம். போர் தொடங்கிய நான்காம் நாளே புதின் தம் அணுப்படைகளை விழிப்பு நிலைக்கு மாற்ற உத்தரவிட்டார். அந்த அச்சத்தைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். பல கோடி உயிர்களுக்குப் பொறுப்பேற்றிருப்பவர் அஞ்சத்தான் வேண்டும். ஆனால் முதல் ஆயுதத்துக்கு நடத்திய விவாதத்தையே ஐந்தாவது ஆயுதத்துக்கும் அதே சொற்களில், அதே மாதக்கணக்கில் நடத்தினார்கள். 2024 மே 10 அன்று ரஷ்யா கார்கிவ் மாநிலத்தில் புதிய முனையைத் திறந்தது. எல்லைக்கு அப்பால் பெல்கொரோட் பகுதியில் படை சேர்வது முன்பே தெரிந்திருந்தது. அமெரிக்க ஆயுதங்களால் எல்லை தாண்டிச் சுட அனுமதி இல்லை. அனுமதி மே மாதக் கடைசியில் வந்தது. அதற்குள் வோவ்சான்ஸ்க் நகரத்தின் தெருக்களில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

உதவி ஒரு கயிறாகவும் மாறும் என்பதை 2025 மார்ச் காட்டியது. வெள்ளை மாளிகையில் பிப்ரவரி 28 அன்று டிரம்ப்புக்கும் ஸெலென்ஸ்கிக்கும் கேமராக்களின் முன் நடந்த வாக்குவாதத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில நாட்களில் ஆயுதமும் உளவுத் தகவலும் நிறுத்தப்பட்டன. 30 நாள் போர்நிறுத்தத்துக்குச் சவூதி அரேபியாவின் ஜெட்டாவில் உக்ரைன் இசைவு தெரிவித்த பிறகு, மார்ச் 11 அன்று மீண்டும் தொடங்கின. அதே நாட்களில் ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதியில் உக்ரைன் பிடித்து வைத்திருந்த சூட்ஜா நகரம் கைநழுவியது. தகவல் நின்றதே அதற்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது. அந்தப் பகுதிக்கான சாலை முன்பே ரஷ்ய டிரோன்களின் பிடியில் இருந்தது. ஆனால் ஒரு நாட்டின் படை நாளை காலை எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது என்பதை இன்னொரு நாடு ஒரே மாலையில் தீர்மானிக்க முடியும் என்பதை அந்த வாரம் எல்லாருக்கும் காட்டிவிட்டது.

எதிர்ப்பக்கமும் உதவி பெறுகிறது. வட கொரியா லட்சக்கணக்கான குண்டுகளைத் தந்தது. 2024-இல் படைவீரர்களையே அனுப்பியது. ஈரான் செய்தது இன்னும் ஆழமானது. இலக்கில் மோதி வெடிக்கும் ஷாஹெத் டிரோன்களை முதலில் விற்றது. பிறகு அவற்றைச் செய்யும் வழியையே கொடுத்தது. டாட்டர்ஸ்தானில் உள்ள அலாபுகா தொழிற்பேட்டையில் இன்று ரஷ்யா அவற்றைத் தானே தயாரிக்கிறது. ஈரானின் அடுத்த தவணைக்காக மாஸ்கோ காத்திருக்கவேண்டிய அவசியம் இப்போது இல்லை.

உக்ரைனின் நண்பர்கள் இந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்றார்கள். 2024-இல் டென்மார்க் ஒரு புதிய வழியைத் தொடங்கியது: தன் கிடங்கிலிருந்து எடுத்துத் தருவதற்குப் பதிலாக, உக்ரைனிய ஆலைகளுக்கே பணம் கொடுத்து, அங்கேயே செய்த 18 பொஹ்தானா பீரங்கிகளை அந்நாட்டுப் படைக்கு வாங்கித் தந்தது. சில மாதங்களிலேயே அவை களத்துக்கு வந்தன. கடல் கடந்து வர வேண்டியதில்லை, எந்த அவையும் எல்லை தாண்டிச் சுடுவதற்குத் தனி அனுமதி தர வேண்டியதில்லை. பழுதானால் சரிசெய்யும் தொழிலாளியும் பக்கத்து ஊரில் இருக்கிறார். நார்வே, ஸ்வீடன் முதலிய நாடுகளும் இந்த வழிக்கு வந்தன. டிரோன்களில் உக்ரைன் பெருமளவு தன் காலிலேயே நிற்கிறது.

வரும் ஏவுகணைகளை இடைமறிக்கும் அமெரிக்கப் பேட்ரியாட் ஏவுகணைகளுக்கு மட்டும் இந்த வழி திறக்கவில்லை. ரஷ்யாவின் பாலிஸ்டிக் ஏவுகணைகளை நம்பகமாக வீழ்த்தக்கூடியவை உக்ரைனிடம் பெரும்பாலும் அவைதான். அவற்றில் புதிய வகை 2024-இல் உலகம் முழுமைக்குமாகச் சுமார் 500 மட்டுமே தயாரானது. வரும் ஒரு ஏவுகணைக்கு இரண்டை ஏவுவது வழக்கம். 2025 கோடையிலிருந்து ஐரோப்பிய நாடுகள் தங்கள் பணத்தில் அமெரிக்க ஆயுதங்களை வாங்கி உக்ரைனுக்கு அனுப்பும் ஏற்பாடு நடக்கிறது. பணம் இருந்தும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. எந்த நாட்டுக்கு முதலில், எந்த மாதத்தில் என்ற முடிவு வாஷிங்டனில் எடுக்கப்படுகிறது. ஐரோப்பிய அரசுகளிடம் நாம் கேட்க வேண்டியது இது: உங்கள் சொந்தக் கிடங்குகளில் இருக்கும் இடைமறிப்பு ஏவுகணைகளில் எத்தனையைக் குளிர்காலம் தொடங்குவதற்கு முன் கொடுப்பீர்கள், அந்த இடத்தை நிரப்பப் புதியவை வரும் நாள்வரை காத்திருக்கும் துணிவு உங்களிடம் உண்டா?