காணிக்கைக் கவரும் சனிக்கிழமைக் கூலியும்

நடுவர் ஐயா அவர்களே, அசன விருந்து வேலைகளை முடித்துவிட்டு வந்து அமர்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

‘கிறிஸ்தவ ஆண்மகனின் விசுவாசம் உண்மையாகத் தெரிவது ஆலயத்திலா, வேலையிலும் வீட்டிலுமா?’ வேலையிலும் வீட்டிலும்தான் என்று பேச வந்திருக்கிறேன். “ஆலயத்தில் வேர் பிடிக்காத விசுவாசம் ஆபீஸில் எப்படி நிற்கும்?” என்று எதிரணித் தலைவர் அண்ணன் கேட்டார். வேர் ஆலயத்திலேயே பிடிக்கட்டும் அண்ணே, எங்களுக்குச் சந்தோஷம். மரத்தைக் கனியால் அறியலாம் என்று ஆண்டவர் சொன்னாரே, அந்தக் கனியை எங்கே போய்ப் பார்ப்பது? அதுதானே இங்கே வழக்கு!

அடுத்து எதிரணியினர் பைபிளிலிருந்து தானியேலைக் கூப்பிட்டார்கள். ஜன்னலைத் திறந்துவைத்துத் தினம் மூன்று வேளை ஜெபித்தவர், அதற்காகவே சிங்கக் கெபிக்குப் போனவர் என்றார்கள். சரி. அது வருகிற தானியேல் புத்தகம் ஆறாம் அதிகாரத்திலேயே கொஞ்சம் மேலே வாசியுங்கள். அவருடைய விரோதிகள் முதலில் துருவியது அவர் பார்த்த அரசாங்க வேலையை. ஒரு குற்றமும் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல்தான் ஜெபத்தில் கைவைத்தார்கள். இன்றைக்கு நம்மில் ஒருவரை மாட்டிவிட நினைப்பவன் ஜெபம் வரைக்கும் போகவேண்டியிருக்குமா? ரெண்டு பில்லைப் புரட்டினாலே போதாதா?

யோர்தான் கரையில் யோவான் ஸ்நானகனிடம் ஆயக்காரர்கள், “நாங்கள் என்ன செய்யவேண்டும்?” என்று கேட்டார்கள். விதித்த வரிக்கு மேல் வாங்காதே என்றார். போர்ச்சேவகர்கள் கேட்டார்கள். யார்மேலும் பொய்க் குற்றம் சாட்டாதே, சம்பளம் போதும் என்றிரு என்றார். மனந்திரும்பியவனை அவர் திருப்பி அனுப்பியது அவனவன் வேலைக்குத்தான் ஐயா.

ஒரு கான்ட்ராக்டரை நினைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சாயங்காலம். கொத்தனாரும் சித்தாளும் கைகால் கழுவி, தூக்குவாளியோடு சைட் வாசலில் நிற்கிறார்கள். “திங்கக்கிழமை பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்புகிறார். சித்தாள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அடுப்பு எரியவேண்டும், கடைப் பாக்கி நிற்கிறது. மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை, முன்வரிசை, காணிக்கைப் பையில் கனமான கவர். அந்தக் கவருக்குள் இருப்பது யார் பணம்? பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எழுதுகிறார். நம்முடைய பாடற்குழு எவ்வளவு உரக்கப் பாடினாலும் அந்தச் சத்தத்தை மூட முடியுமா?

“இந்தக் காலத்தில் இப்படி இருந்தால் பிழைக்க முடியாது” என்று முணுமுணுப்பு கேட்கிறது. நம்ம ஆள் ஒருவரைச் சொல்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826-இல் பிறந்த கத்தோலிக்கர், வெள்ளைக்காரன் காலத்து முன்சீப், அதாவது நீதிபதி. வழக்குக்காரர்கள் தேடிவந்து பணத்தைக் கொட்டக்கூடிய நாற்காலி. அதில் உட்கார்ந்தவர் கைக்கூலியைக் கண்டித்துப் பாட்டு எழுதினார். 1876-78 பஞ்சத்தில் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். நந்தனாரைப் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், அவர் சைவர், அதைப் பார்த்து இந்தக் கிறிஸ்தவரைப் புகழ்ந்து பாடினார். பாரதியார் எந்தக் கோயில் பூசையில் பிள்ளையைப் பார்த்தார்? கஞ்சி ஊற்றிய இடத்தில்தானே பார்த்தார்!

கடைசியாக, வீடு. சபையில் ‘பிரதர்’ என்று குழைகிற குரல், வீட்டுப் படியேறியதும் “சாப்பாடு என்னாச்சு?” என்று ஏன் மாறுகிறது? புருஷர்களே, மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யுங்கள், உங்கள் ஜெபத்துக்குத் தடை வராதபடி என்கிறார் பேதுரு. எதிரணி பெரிதாகச் சொன்ன அந்த ஆலய ஜெபம் மேலே போகுமா போகாதா என்பதே அடுப்படியில் முடிவாகிறது ஐயா. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.