தையலில்லாத அங்கி

(கிறிஸ்தவ ஆசிரியர்கள் கூடுகை ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களே,

சிலுவையின் அடியில் போர்ச்சேவகர்கள் இயேசுவின் வஸ்திரங்களை நான்கு பங்காக்கினார்கள். அங்கியிடம் வந்ததும் அவர்களுடைய கை நின்றுவிட்டது. "அந்த அங்கி, தையலில்லாமல் மேலே தொடங்கி முழுவதும் நெய்யப்பட்டதாயிருந்தது" என்று யோவான் எழுதுகிறார். அதைக் கிழிக்க மனம் வராமல் சீட்டுப் போட்டார்கள். வகுப்பறையில் வேதத்தின் இடத்தைப் பற்றிப் பேச நீங்கள் அழைத்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்த அங்கிதான். நம்மில் பலர் பிள்ளைகளுக்குக் கொடுப்பது தைத்த அங்கி. பாடம் ஒரு துணி, வசனம் வேறொரு துணி, நடுவில் ஓர் அவசரத் தையல். பெரியவர்கள் கவனிக்காமல் போகலாம். பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

நானே அப்படித் தைத்தவன். வேலையில் சேர்ந்த புதிதில், இயேசு ஐந்து அப்பங்களால் ஐயாயிரம் பேரைப் போஷித்த நிகழ்ச்சியை வைத்துப் பின்னக் கணக்கு நடத்தினேன். "ஐந்து அப்பங்களை ஐயாயிரம் பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஒருவருக்கு எவ்வளவு?" என்று கரும்பலகையில் எழுதினேன். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று வகுப்பே சொன்னது. கணக்கையும் வேதத்தையும் ஒன்றாக நடத்திவிட்டேன் என்று எனக்கு மனநிறைவு. அப்போது ஒரு மாணவன் எழுந்தான். "சார், எல்லாவற்றையும் பங்கிட்டு முடித்துவிட்டோமே, பன்னிரண்டு கூடை மீதி எப்படி வந்தது?"

"அது அற்புதம், உட்கார்" என்றேன்.

இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்தப் பதில் என்னை உறுத்துகிறது. வகுத்தலுக்குள் அடங்காத நிகழ்ச்சி என்பதால்தானே நான்கு சுவிசேஷங்களும் அதை எழுதி வைத்திருக்கின்றன? நான் அதை ஒரு பின்னமாகச் சுருக்கிவிட்டேன். அதன் உயிர் எங்கே இருக்கிறதென்று அந்தப் பையன் சரியாகத் தொட்டுக் காட்டினான். நான் அவனை உட்கார வைத்தேன். பன்னிரண்டு வயதில் இயேசு தேவாலயத்தில் போதகர்கள் நடுவே உட்கார்ந்து, அவர்கள் பேசுகிறதைக் கேட்டார், அவர்களை வினாவினார் என்று லூக்கா சொல்கிறார். அந்தப் போதகர்களில் ஒருவர்கூட அவரை "உட்கார்" என்று அடக்கியதாக எழுதப்படவில்லை.

கணக்குப் பாடத்தில் வேதத்துக்கு இடம் இல்லையா என்றால், மிக நல்ல இடம் இருக்கிறது. எடை, அளவு, படி நடத்துகிற நாளை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் ஒரே கிலோகிராம் எதற்கு என்று பிள்ளைகளையே கேளுங்கள். பேசப் பேச அவர்களே வந்து சேருவார்கள்: தராசைச் சோதித்துப் பார்க்க வழியில்லாத ஏழையைக் காப்பாற்றுவது அந்த ஒரே அளவுதான். அப்போது லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தைத் திறக்கலாம். அந்நியன்மேல் அன்புகூருங்கள் என்று ஒரு வசனம். அதற்கு அடுத்த வசனமே, "அளவிலும், நிறையிலும், படியிலும் அநியாயம் செய்யாதிருப்பீர்களாக." அன்பும் தராசும் அங்கே ஒன்றை அடுத்து ஒன்றாக நிற்கின்றன. பாடம் கேட்ட கேள்விக்கு வேதம் தானாகப் பதில் சொல்கிறது. நூலும் ஊசியும் தேவைப்படவில்லை.

அறிவியலில் இன்னும் ஒரு படி மேலே சொல்வேன்: சில நாட்களில் வசனமே சொல்ல வேண்டாம். கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. 1850இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறாமல் போனவர். ஆனாலும் பல ஆண்டுகள் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். 1856 முதல் 1863 வரை பண்புகள் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்கு எப்படிப் போகின்றன என்று அறிய, மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணினார். ஒரு சோதனையில் உருண்டை விதைகள் 5474, சுருங்கிய விதைகள் 1850. வகுத்துப் பார்த்தால் 2.96. அதை அழகாக 3 என்று திருத்தி எழுதாமல், எண்ணியதை எண்ணியபடியே பதிவு செய்தார். 1866இல் கட்டுரை வெளிவந்தது. 1884இல் அவர் இறந்தபோதும் அதன் அருமை உலகத்துக்குத் தெரியாது. 1900இல்தான் தெரிந்தது. இந்தக் கதையை நிதானமாகச் சொல்லிவிட்டு, ஆய்வகக் குறிப்பேட்டில் பார்த்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எதிர்பார்த்த விடை வரவில்லை என்று உண்மையாக எழுதிய பிள்ளைக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். படைத்தவரை மதிக்கிறவன் படைப்பைப் பற்றிப் பொய் எழுத மாட்டான். அதைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வரலாற்றுப் பாடத்தில் நமக்குத் துணிவு வேண்டும். 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தை ஒழித்தது. வேதத்தை நெஞ்சில் ஏற்றவர்கள் அதற்காகப் பல ஆண்டுகள் போராடினார்கள். இதை நாம் மகிழ்ச்சியோடு நடத்துகிறோம். அதே 1807இல் லண்டனில் இன்னொன்றும் அச்சானது. மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்று தெரிந்தெடுத்த வேதாகமப் பகுதிகள். இஸ்ரவேலர் எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையாகிப் புறப்பட்ட கதையை அதில் வெட்டிவிட்டார்கள். இதை மறைத்துவிட்டு முதல் பாதியை மட்டும் நடத்துகிறவர், அந்த நூலுக்குக் கத்தரிக்கோல் பிடித்தவர்களோடுதான் சேருகிறார். இரண்டையும் சொல்லுங்கள். ஏன் அந்தக் கதையை வெட்டினார்கள் என்று கேளுங்கள். அந்தக் கதையைச் சொல்லும் யாத்திராகமத்தின் வலிமை என்ன என்று பிள்ளைகள் அன்றைக்குத்தான் முதன்முறையாக உணருவார்கள்.

மொழிப் பாடத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. உவமைகளும் சங்கீதங்களும் அங்கே தாமாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது மனம் வலிக்கிற ஒன்றைச் சொல்கிறேன். வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளைக்கு, "இந்த வசனத்தை நூறு முறை எழுதிக்கொண்டு வா" என்று இம்போசிஷன் கொடுக்கிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" என்பதைக் கை வலிக்க நூறு முறை எழுதிய பிள்ளைக்கு, பிற்காலத்தில் மரணப் படுக்கையின் அருகே அந்தச் சங்கீதம் எப்படி ஆறுதலாகும்? அதோடு நம் நாவையும் பார்க்க வேண்டும். காலை ஜெபத்தை நடத்திய அதே வாயால், முதல் பீரியடிலேயே ஒரு பிள்ளையை "உருப்படாதவன்" என்கிறோம். துதித்தலும் சபித்தலும் ஒரே வாயிலிருந்து புறப்படுகிறது என்று யாக்கோபு எழுதியது யாரையோ பற்றி அல்ல. "நெரிந்த நாணலை முறியாமலும், மங்கியெரிகிற திரியை அணையாமலும்" என்ற ஏசாயாவின் வார்த்தையை, ஒவ்வொரு வகுப்பிலும் கடைசி மதிப்பெண் வாங்குகிற பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு படியுங்கள்.

நம் வகுப்பில் வேறு சமயத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள், எந்தச் சமயமும் இல்லாத வீட்டுப் பிள்ளைகளும் இருப்பார்கள். இயேசுவிடம் வந்த ஐசுவரியவானை அவர் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்தார் என்று மாற்கு சொல்கிறார். அவன் துக்கத்தோடு போனபோது போகவிட்டார். அவனால் போக முடிந்தது. நம் எதிரில் பெஞ்சில் இருக்கிற பிள்ளையால் எழுந்து போக முடியாது. மணி அடிக்கிறவரை நம் முன்னால் இருந்தாக வேண்டும். ஆகவே நமக்குக் கூடுதல் பொறுப்பு இருக்கிறது. ஒரு பிள்ளையின் விசுவாசத்துக்கு மதிப்பெண் போடாதீர்கள். வற்புறுத்தி ஆமென் சொல்ல வைக்காதீர்கள். நம்பிக்கையைக் குறித்து "விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" உத்தரவு சொல்லுங்கள் என்றுதான் பேதுரு எழுதினார். கேட்கிறவரை காத்திருக்கலாம்.

அப்படி ஒருமுறை காத்திருந்ததைச் சொல்லி முடிக்கிறேன். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்த அன்று, எப்போதும் குறும்பு செய்கிற ஒரு மாணவன் இரண்டு தாள்களோடு வந்தான். ஒன்று அவனுடையது, மற்றது வகுப்பில் முதலாவதாக வருகிறவனுடையது. இருவருமே ஒரே இடத்தில், ஒரே விதமாகத் தவறியிருந்தார்கள். முதல் மாணவனுக்கு மூன்று மதிப்பெண், இவனுக்கு ஒன்று. "ஒப்பிட்டுப் பார்க்கத்தான் உனக்கு நேரம் இருக்கிறதா?" என்று அவனை அனுப்பிவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை. "உன் பையிலே பெரிதும் சிறிதுமான பலவித நிறைகற்களை வைத்திருக்கவேண்டாம்" என்பது உபாகமம். நான் நடத்திய பாடம் அது. என் பையில் இருந்த நிறைகல் சிவப்புப் பேனா.

மறுநாள் காலை வகுப்பின் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். அந்த வசனத்தை வாசித்தேன். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். தாளைத் திருத்தினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. வேறு சமயத்துக் குடும்பத்துப் பிள்ளை அவன். சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சார், அந்த நிறைகல் வசனம் எங்கே இருக்கிறது?"

ஒரு துண்டுத் தாளில் "உபாகமம் 25:13" என்று எழுதிக் கொடுத்தேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.