பாட்டியின் வளையலுக்கு அடியில்

வணக்கம் நேயர்களே. இந்த நேரத்தில் பினாங்கில் பாதிப் பேர் கோப்பிக் கடையில் இருப்பீர்கள், மீதிப் பேர் பாலத்து நெரிசலில். கார் ஓட்டுபவர்கள் கையை எடுக்க வேண்டாம். மற்றவர்கள் மணிக்கட்டில், கட்டை விரலுக்குக் கீழே இரண்டு விரலை வையுங்கள். டக், டக் என்று சீராக வருகிறதா? சரி, விரல் அங்கேயே இருக்கட்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து 84 வயதுப் பாட்டி ஒருவரைப் பேரன் அழைத்து வந்தான். “நெஞ்சு வலி இல்ல ஐயா, படபடப்பும் இல்ல. அசதிதான். துணி காயப் போடறதுக்குள்ள உட்காரணும்போல இருக்கு.” பேரன் குறுக்கிட்டு, “வயசாச்சுல்ல டாக்டர்” என்றான். ஒரு கிளினிக்கில் மூன்று மாதமாகச் சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். பாட்டியின் கையில் நாடி பார்க்க வேண்டுமென்றால், வளையல்களை மேலே ஏற்ற வேண்டும், கோயில் கயிற்றையும் தள்ள வேண்டும். அதை யாருமே செய்யவில்லை.

நான் தள்ளிப் பார்த்தேன். இரண்டு துடிப்பு ஓடி வந்தது, அடுத்ததைக் காணோம், அப்புறம் மூன்று முட்டிக்கொண்டு வந்தன. தைப்பூசத்தில் உறுமி அடிக்கும் பையன்கள் எத்தனை வேகமாக அடித்தாலும் அதில் ஒரு கணக்கு இருக்கும். இதில் கணக்கே இல்லை. இசிஜி எடுத்தோம்: ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அமெரிக்காவில் 1948-ல் தொடங்கிய ஃபிராமிங்ஹாம் ஆய்வில், எண்பதுகளில் இருப்பவர்களுக்கு வரும் பக்கவாதத்தில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு இதுவே காரணம் என்று கண்டார்கள்.

எந்த வயதை எடுத்தாலும் இந்தத் தாளக் கோளாறு ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. ஆனால் தாத்தா போன பிறகும் பாட்டி இருக்கிறாரே! அதனால் 75-ஐத் தாண்டிய நோயாளிகளை எண்ணினால் பெண்கள்தான் கூடுதல். பெண்கள் இதை அசதி, மூச்சு வாங்குது என்று சொல்வார்கள். நம் வீட்டில் அது வயதின் கணக்கில் போய்விடும். மறுபடியும் சொல்கிறேன், அசதி என்று பாட்டி சொன்னால் வளையலைத் தள்ளிவிட்டு ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். தாளம் தப்பினால் இசிஜி எடுக்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு இருந்து 75 வயதும் ஆகிவிட்டாலே ரத்தம் உறையாமல் இருக்க மருந்து வேண்டுமா என்று டாக்டர் யோசிப்பார். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. பாட்டிக்கு ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கொடுத்தோம். கீரையின் அளவு மாறினால் அதன் வேலையும் மாறும். “கீரையை விடணுமா?” என்றுதான் முதலில் கேட்டார். விட வேண்டாம், தினம் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்றேன். மறுமுறை வந்தபோது, காங்கோங் கீரையைக் கிண்ணத்தில் அளந்து சமைப்பதாகச் சொன்னார்!

அறிவிப்பாளர் தம்பி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார், இரண்டு நிமிடம்தான் பாக்கியாம். இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் சிறு கருவியான பேஸ்மேக்கரைப் பற்றிப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொன்னால், எண்பதைத் தாண்டியவர்களுக்கும் அது வைக்கலாம், பயப்பட வேண்டாம். இன்னொன்று, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்பப் பெண்களுக்குச் சற்றுக் கூடுதல் நேரமாகும். சில ஆன்டிபயாட்டிக் மாத்திரைகள் அதை இன்னும் நீட்டி ஆபத்தில் விட்டுவிடும். அதனால் காய்ச்சலுக்குக் கிளினிக் போனாலும் பாட்டியின் மருந்துப் பையை எடுத்துக்கொண்டு போங்கள். விரலை இப்போது எடுக்கலாம். வணக்கம்.