தேய்ப்பதற்கு முன்னால் பெயர்களைப் படியுங்கள்

[காட்சி: பாசி படர்ந்த கல். ஒரு விரல் எழுத்தின் மேல் மெதுவாகப் போகிறது.]

இந்த எழுத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். பாதி பாசிக்குள் மூழ்கிக் கிடக்கிறது, மீதி தேய்ந்துவிட்டது. போருக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய பெயரின் முதல் எழுத்து இது. எத்தனையோ வீரர்களின் உடல்கூட வீடு வந்து சேரவில்லை, அவர்கள் வீட்டாருக்குப் போய் நிற்பதற்கு என்று இருந்த ஒரே இடம் இந்தக் கல்தான்.

இப்படி ஒரு நினைவுச்சின்னம் கேட்பாரற்றுக் கிடப்பதைப் பார்த்ததும், நல்ல மனசோடு நாலு பேர் சேர்ந்து கம்பி பிரஷ், ஆசிட் என்று எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து அது வேண்டாம். சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அமிலம் பட்டால் கரையும். தண்ணீரை மெஷின் வைத்துப் பீய்ச்சி அடித்தால் எழுத்தின் ஓரம் உதிரும், குழிக்குள் பதித்திருக்கும் ஈய எழுத்து பெயர்ந்தே வந்துவிடும்.

முதலில் இடம் யாருடையது என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அப்புறம் போட்டோ.

[காட்சி: இருட்டும் நேரம். கல்லின் பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம்.]

வெளிச்சத்தை நேராக அடிக்காமல் பக்கத்திலிருந்து சாய்த்து அடித்துப் பாருங்கள், தேய்ந்த பள்ளத்தில் நிழல் விழுந்து, பகலில் தெரியாத பெயர்கூடத் தெரியும். எனக்கு இந்த வேலையில் மனசைப் பிடித்து நிறுத்துகிற நேரம் இதுதான்.

சுத்தம் செய்ய வெறும் தண்ணீரும் மென்மையான நைலான் பிரஷ்ஷும் போதும், கல் உதிர்கிறது என்றால் அதுவும் கூடாது. விரிசலில் சிமெண்ட் பூசாதீர்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும், பக்கத்துக் கல் பொடியாகும். பழைய கட்டுமானத்துக்குச் சுண்ணாம்புக் கலவைதான் சரி. வெண்கலத்தின் மேல் இருக்கும் பச்சையை அழுக்கு என்று நினைத்துப் பளபளவென்று தேய்க்கவும் வேண்டாம், அதைப் பழைய சின்னங்களைப் பாதுகாக்கத் தெரிந்த நிபுணரிடம் விட்டுவிடுங்கள்.

சரி, பெயர்கள். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டன், இந்தியா போன்ற காமன்வெல்த் நாடுகளின் படைகளில் இருந்து இறந்த சுமார் 17 லட்சம் பேரின் விவரங்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் இணையத்தில் வைத்திருக்கிறது. 1917இல் தொடங்கிய அமைப்பு அது. அதிகாரியோ சிப்பாயோ, கல்லறைக் கல்லில் பதவியைப் பார்த்து வித்தியாசம் காட்டக்கூடாது என்பது அவர்களுடைய கொள்கை. அங்கே தேடி, ராணுவ ஆவணங்களோடும் குடும்பத்தாரோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். விடுபட்டவர் யாராவது இருந்தால் பழைய கல்லில் வெட்டாமல் பக்கத்தில் தனிப் பலகை வையுங்கள்.

மலர்வளையம் வைக்கும் நாளில் பேச்சாளர்களைக் குறைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரையும் வயதோடு நிறுத்தி நிதானமாக வாசியுங்கள். பத்தொன்பது, இருபது என்று வயதுகள் வர வர, கூட்டம் தானாக அமைதியாகிவிடும்.

கூட்டம் கலைவதற்குள் இன்னொன்று: அடுத்த மழைக்காலம் முடிந்ததும் யார் வந்து களை பிடுங்குவது, விரிசலைப் பார்ப்பது என்று பேசி முடித்து, தேதியையும் குறித்துவிடுங்கள்.